ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்த முன்வளவு

லண்டன் செவன் கிங்ஸில் தன் வீட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து நின்று கண்ணீர் விட்டதைக் கண்ட செல்வரத்தினம், கவுன்சிலில் இருந்து அபராதம் எழுத ஆள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார். அபராதம் எழுத வருகிறவர்கள் அழுவதில்லை என்பது கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

அழுவதற்கு அங்கே விஷயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவில் எல்லாரும் வீட்டு முற்றமான முன்வளவைக் கல்லால் மூடிக் கார் நிறுத்திவிட்டார்கள். செல்வரத்தினத்தின் முன்வளவை றொமேஷ் என்ற கட்டட வேலைக்காரனிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவன் பாதிக் கல்லைக் கிளப்பினான், ஒரு மண்கும்பியைக் கொட்டினான், மேல்மாடியில் கழற்றிய பழைய குளியல் தொட்டியை மூலையில் கவிழ்த்தான். பிறகு மோர்டனில் ஒரு சின்ன வேலை என்று போனான். "திங்கக்கிழமை வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எந்தத் திங்கள் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வேலை பெரிய வேலையில்லை. வாசலில் மூன்று படி. அதை உடைத்துச் சக்கர நாற்காலி ஏறக்கூடிய மாதிரி ஒரு சரிவுப்பாதை போட வேண்டும். செல்வரத்தினத்தின் மனைவி பாலாம்பிகைக்கு மாசி மாதத்தில் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு தெரப்பிஸ்ற் வந்து பார்த்துவிட்டு, சரிவுப்பாதை போட்ட மறுநாளே ஆளை வீட்டுக்கு அனுப்புகிறோம், போடாவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப ஏலும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பின்சந்தால் கொண்டுவரலாம் என்றால், அது ஒரு ஆள் சரிந்து நடக்கிற அகலம், அதிலும் பக்கத்து வீட்டார் எறிந்த மெத்தை ஒன்று கிடந்தது. ஆகவே பாலாம்பிகை வீட்டுக்கு வருவதற்கு உலகத்தில் ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில்தான் இப்போது இந்தப் பெண்மணி நின்று அழுதுகொண்டிருந்தார்.

அவர் பெயர் பேராசிரியர் ஃபெனெல்லா வொட்டன். ஐரோப்பிய நிலத்தோற்றக் கலை நிறுவகம் என்ற பெரிய இடத்தின் தலைவர். கூட வந்தவன் டாக்டர் திருமாறன், படிக்க வந்து அங்கேயே விரிவுரையாளனாகிவிட்ட மலேசியத் தமிழன். செல்வரத்தினம் முப்பது வருடம் லண்டனில் தபால் பிரித்தவர், இங்கிலீஷ் விளங்காதவரில்லை. ஆனால் பேராசிரியர் பேசிய இங்கிலீஷ் வேறு ரகம். அதைத் தமிழாக்கத் திருமாறன் வேண்டியிருந்தான்.

"நிலத்தோற்றக் கலை எண்டால் தோட்டம் போடுறதோ தம்பி?" என்று, இருவரையும் உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் செல்வரத்தினம் கேட்டார்.

பேராசிரியருக்கு விளங்கிவிட்டதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் திருமாறன் குரலைத் தாழ்த்தி, "அங்கிள், தயவுசெஞ்சு அந்த வார்த்தை மட்டும் வேணாம்" என்றான்.

அது பெரிய புண். ஐரோப்பாவில் அந்தப் படிப்பு நூறு வருடமாகத் தன்னை ஒரு படிப்பு என்று நிரூபிக்கப் பாடுபடுகிறது. முதலில் விவசாயக் கல்லூரிகளின் பின்பக்கத்தில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் கிடந்தது. பிறகு கட்டடக்கலைப் பீடங்களில் மாடிப்படிக்குக் கீழே குடியேறியது. தோட்டக்கலையின் மகளா, கட்டடக்கலையின் மருமகளா என்று போகிற இடமெல்லாம் கேட்டார்கள். இப்போது அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், சஞ்சிகைகள் இருக்கின்றன, வருடத்துக்கு நாலு மாநாடு நடக்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான். படிப்பதற்கு அதற்கென்று சொந்தமாக ஒரு பொருள் இல்லை. வளர்வதெல்லாம் தோட்டக்காரர் பங்கு, கட்டியதெல்லாம் கட்டடக்காரர் பங்கு. வருகிற வசந்தத்தில் ஐரோப்பிய மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. எதுவும் வளராத, எதுவும் கட்டப்படாத ஒரு இடத்தைக் காட்டி, இதுதான் எங்கள் பொருள் என்று சொல்லாவிட்டால் துறையை மூடி, மறுபடி மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"மேடம் பன்னிரண்டு நாடு சுத்திப் பார்த்துட்டாங்க அங்கிள்" என்றான் திருமாறன். "எங்க போனாலும் ஒரு புல்லாவது இருக்கு, ஒரு சுவராவது இருக்கு. நேத்து பஸ் மேல்தட்டுல இருந்து உங்க வீட்டு முன்னால பார்த்தாங்க. ஒண்ணுமே இல்ல. அப்படியே எழுந்து நின்னுட்டாங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் கதவைச் சாத்தியிருப்பான். ஆனால் செல்வரத்தினத்துக்கு இரண்டு பிள்ளைகள். மகன் நிருஜன் பல்கலைக்கழகம் வேண்டாமென்று கார் வியாபாரத்தில் இறங்கினவன். மகள் சிவரூபினி சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டு, டொரொன்டோவில் பிறந்தநாள் கேக் செய்கிறாள். வெளியே சொல்லாத அவமானம் அது. இப்போது பல்கலைக்கழகம் தானாக நடந்துவந்து அவருடைய சோபாவில் ஏறியிருந்து, அவருடைய கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறது. யாழ்ப்பாணத்து மனிதன் கடவுளிடம்கூடப் பேரம் பேசுவான், பேராசிரியரிடம் பேசமாட்டான். முன்வளவை ஆராய்ச்சிக்கு விடுகிற பத்திரத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பேனையை மூடிய பிறகுதான், "மனிசி வீட்டுக்கு வரவேணும். றாம்ப் ஒண்டு போடவேணும்" என்று ஞாபகப்படுத்தினார்.

"கண்டிப்பா அங்கிள். ஒரே ஒரு செமஸ்டர்" என்றான் திருமாறன்.

அன்று பின்னேரம் மோர்டனில் உள்ள மச்சானுக்குப் போன் எடுத்து, யூனிவர்சிட்டி எங்கட வீட்டை எடுத்திட்டுது என்று செல்வரத்தினம் சொன்னார். மச்சான் பொறாமையில் உடனே கதையைத் தன் புதுக் காருக்கு மாற்றியது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பாலாம்பிகைக்கு அந்தச் செய்தி அவ்வளவு பிடிக்கவில்லை.

"அந்தப் பேராசிரியருக்குத் தன்ர வீட்டில வாசல் இல்லையோ?" என்று கேட்டாள்.

"இது ஆராய்ச்சியப்பா. ஒண்டுமே இல்லாத இடமாம். ஐரோப்பாவில வேற எங்கயும் கிடைக்கேல்லையாம்."

"உங்கட றொமேஷ் விட்டிட்டு ஓடினதால ஒண்டுமில்லாமக் கிடக்கு. அதில என்ன ஆராய்ச்சி?" பாலாம்பிகைக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் பேச்சு இழுக்கவில்லை. "இஞ்சருங்கோ, எனக்கு என்ர ரொய்லெட்டில போயிருக்க வேணும். என்ர குசினியில ஒரு ரசம் வைக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம். இதை அவவிட்டச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். நீர் யோசியாதையும்."

உண்மையாகவே சொன்னார். பேராசிரியர் கவனமாகக் கேட்டார். ரொய்லெட், ரசம் இரண்டும் 'வீட்டுரிமையாளரின் நிலத்தோற்ற ஏக்கங்கள்' என்ற தலைப்பில் நிறுவகத்துச் சஞ்சிகையின் அடுத்த இதழில் வந்தன.

பிறகு முன்வளவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். செல்வரத்தினம் தன் வாசலால் போய்வரக் கூடாது, ஏனென்றால் அவர் நடந்தால் தடம் விழும், தடம் விழுந்தால் அது பாதை, பாதை என்றால் யாரோ கட்டியதாகிவிடும். அவர் பின்சந்தால் மெத்தை மேல் ஏறி இறங்கிப் பழகினார். வாரா வாரம் ஒவ்வொரு நாட்டில் இருந்தும் மாணவர்கள் வந்து கயிற்றுக்கு வெளியே குந்தியிருந்து மண்கும்பியை வரைந்தார்கள். ஆவணியில் குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புல் முளைத்தது. நிறுவகம் ஆடிப்போயிற்று. விவசாயக் கல்லூரிப் பரம்பரையில் வந்தவர்கள் உடனே அந்த இடம் தங்களுடையது என்றார்கள். பிடுங்கிவிடலாம் என்றால், பிடுங்குவது தோட்டவேலை. இரண்டு நாள் கூடிப் பேசி, ஒரு டென்மார்க் மாணவனைப் புல்லுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அவன் அதைத் தொடக் கூடாது, நிழல் விழும்படி மட்டும் இருக்க வேண்டும். புல் வாடிச் செத்தது. அந்த மாணவனுக்கு அதற்கே முனைவர் பட்டம் கொடுத்தார்கள்.

செல்வரத்தினம் ஒருநாள் பொறுமை கெட்டுக் கடையில் ஒரு நீளப் பலகை வாங்கிவந்து, பட்டப்பகலில் படிகளின் மேல் சாய்த்து வைத்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். திருமாறன் ஓடிவந்து படம் எடுத்தான், பலகைக்கு இலக்கம் ஒட்டினான், கவனமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அது இப்போது நிறுவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கவுன்சிலிடம் போய்ச் சொன்னால், ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்த இடத்தில் நாங்கள் கைவைக்க ஏலாது என்று கையை விரித்தார்கள்.

ஆஸ்பத்திரி அவ்வளவு காலம் பொறுக்குமா? படுக்கை வேண்டும் என்று சொல்லி, பாலாம்பிகையை ரொம்போர்ட் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு ஏற்றினார்கள். அங்கே அவள் பெயரைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது என்று 'பாலா' என்றார்கள், பிறகு இங்கிலீஷ்காரிகளுக்கு வைக்கிற மாதிரி 'பாம்' என்றார்கள். மத்தியானமும் இரவும் மசித்த உருளைக்கிழங்கு. செல்வரத்தினம் சோறு கொண்டுபோனால், விழுங்கும்போது புரையேறும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பாலாம்பிகை மெலிந்துகொண்டே போனாள். இவர் போகும்போதெல்லாம் "றாம்ப் போட்டாச்சோ?" என்ற ஒரு கேள்விதான் கேட்பாள். பிறகு அதைக் கேட்பதையும் விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள்.

கடைசியில் அவர் றொமேஷைத் தேடிப் போனார். எத்தனையோ திங்கள் ஏமாற்றினவன்தான், ஆனாலும் கொங்கிறீற்று போடத் தெரிந்தவன். கயிறாவது மண்ணாவது, ஒரு மணித்தியாலத்தில் ஊற்றிவிட்டுப் போய்விடு என்று காலில் விழவும் தயாராகத்தான் போனார். இல்ஃபோர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் றொமேஷ் இருந்தான். கறுப்புச் சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது, வட்டக் கண்ணாடி போட்டிருந்தான். நிறுவகம் அவனைக் கண்டுபிடித்து வருகைதரு பேராசிரியர் ஆக்கியிருந்தது. 'முடிக்காமல் விடுதல்' என்பது பாடம். வியாழன்தோறும் வகுப்பு.

"அண்ணை, நான் இப்ப கொங்கிறீற்று தொடுறதில்லை" என்றான் றொமேஷ்.

"தம்பி, உன்ர அக்கா மாதிரியெல்லே அவ. எத்தினை நாள் உனக்குச் சோறு போட்டவ. ஒரு றாம்ப் தானேயடா."

"விளங்குது அண்ணை. ஆனா அது முடிக்காமல் விட்ட வேலை. அதை முடிச்சால் என்ர வேலையையே நான் அழிச்சமாதிரி. அண்டைக்கு நான் மோர்டனுக்கு ஓடினன் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான். மேடம் விளங்கப்படுத்தின பிறகுதான் தெரிஞ்சது, அது ஒரு நிலைப்பாடு."

அவன் முகத்தில் பகிடி ஒரு துளியும் இல்லை. செல்வரத்தினம் அவனுக்கும் சேர்த்துக் கோப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அவனும் இப்போது பேராசிரியர் அல்லவா.

மார்கழியில் நிறுவகமே அவரை அழைத்தது. மதிப்பீட்டுக் குழு ஒரு செய்தி அனுப்பியிருந்தது. பொருளைக் கண்டுபிடித்தது மட்டும் போதாது, அந்தப் பொருளில் உங்கள் துறை என்ன செய்யக்கூடும் என்றும் காட்ட வேண்டும். ஆகவே சரிவுப்பாதை பற்றி ஒரு கூட்டம். செல்வரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலில் போனார். ஐந்து நாட்டுப் பேராசிரியர்கள் மேசையைச் சுற்றியிருந்தார்கள். அவருக்கு ஒரு ஓரத்தில் கதிரை கொடுத்தார்கள்.

சரிவு என்பது நிலம், ஆகவே அது எங்களுடையது என்றார் விவசாயப் பரம்பரைக்காரர். சரிவு என்பது கொங்கிறீற்று, எங்களுடையது என்றார் கட்டடப் பரம்பரைக்காரர். இருவரும் அளவுநாடாவால் அடித்துக்கொள்கிற நிலைக்கு வந்தபோது பேராசிரியர் வொட்டன் எழுந்தார்.

"நண்பர்களே, சரிவு நிலமுமல்ல, கட்டடமுமல்ல. அது ஒரு உறவு. கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பதற்கும் இடையிலான உறவு. நூறு ஆண்டுகளாக நாம் தேடியது இதைத்தான்."

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். செல்வரத்தினமும் தட்டினார். அவருக்குக் கேட்டதெல்லாம், சரிவுப்பாதை வருகிறது என்பதுதான்.

"பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி உயரம் எண்டு தெரப்பிஸ்ற் சொன்னவ" என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்.

ஐந்து பேரும் அன்பாகச் சிரித்தார்கள். "அது ஒரு அளவு, திரு செல்வா" என்றார் வொட்டன். "எங்களுக்கு வேண்டியது ஒரு கருத்து."

"மனிசி காத்துக்கொண்டிருக்கிறா, மேடம். ஆள் சரியா இளைச்சுப்போனா."

"தெரியும். அதை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். காத்திருத்தலும் ஒரு மூலப்பொருள்தான். மண்ணைப்போல, நீரைப்போல. உங்கள் மனைவி எங்களுக்கு அதை வழங்கிக்கொண்டிருக்கிறார். வசந்தத்தில், குழுவின் கண் முன்னால், முதல் பயனராக அவரே மேலே வரட்டும்."

அந்தச் செய்தியைச் செல்வரத்தினம் நேரே ரொம்போர்ட்டுக்குக் கொண்டுபோனார். வசந்தத்தில் வீடு, பேராசிரியரே சொல்லிவிட்டா. பாலாம்பிகை போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒருக்காலும் அவையளிட்ட ஏலாதெண்டு சொல்ல வராதென்ன?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்து நாட்டுக்கும் ஐந்து சரிவு மாதிரிகள் செய்தார்கள். பாலாம்பிகைக்குப் பதிலாகச் செல்வரத்தினத்தைச் சக்கர நாற்காலியில் இருத்தி ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு மாதிரி மேலே போகப் போகச் செங்குத்தாகியது, வாழ்க்கையைக் காட்டுகிறதாம். இன்னொன்றில் நாற்காலி பின்னால் வழுக்கி அவரோடு மாணவர் கூட்டத்துக்குள் போய் நின்றது. அதற்குத்தான் கூடுதல் பாராட்டு. மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு வழியாக ஐந்தையும் கலந்து ஒரு சரிவு ஊற்றப்பட்டது. அளந்து பார்த்தால் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று. இது தற்செயலான ஒற்றுமை என்று அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார்கள்.

குழு வருவதற்கு முதல் வாரம் பாலாம்பிகைக்கு நெஞ்சில் சளி கட்டியது. உருளைக்கிழங்கு புரையேறியதால் வந்தது என்றார்கள். செல்வரத்தினம் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். கட்டிலில் கொழுவியிருந்த அட்டையில் 'பாம்' என்றிருந்தது. அவர் அட்டையைக் கழற்றிக் கிழித்துவிட்டு, அவளுடைய காலடியில் குந்தியிருந்து குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

திருமாறன் போன் எடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பயனர் தயாராக இருப்பாரா என்று விசாரித்தான். செல்வரத்தினம் விஷயத்தைச் சொன்னார். "ரொம்ப வருத்தமா இருக்கு அங்கிள்" என்று சொன்னபோது அவன் குரல் உண்மையாகவே நடுங்கியது. நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அவனே எடுத்தான்.

"அங்கிள், மேடம் கிட்ட பேசினேன். ஆன்ட்டிய வீட்டுக்குக் கொண்டு வருவீங்கல்ல, தகனத்துக்கு முன்னால? அதை... செவ்வாய்க்கிழமை வச்சுக்க முடியுமா?"

லண்டனில் இப்போதெல்லாம் நேரே மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்று அவளுக்குச் சொன்ன வாக்கு ஒன்று இருந்தது. வாசல் வழியாக வரவேண்டும் என்றால், வாசல் அவர்களிடம் இருந்தது. செல்வரத்தினம் ஓம், வைக்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்து, மதிப்பீட்டுக் குழுவை நடைபாதையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். றொமேஷும் நின்றான், வட்டக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. செல்வரத்தினத்தை எங்கே நிற்க வேண்டும் என்று திருமாறன் காட்டினான், படத்துக்கு மறைக்காத இடமாக, வாசலுக்கு முதுகு காட்டியபடி. பக்கத்தில் நிருஜன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பேராசிரியர் வொட்டன் பேசினார்.

"எங்கள் துறை நூறு ஆண்டுகள் பயன்பாடு என்ற அடிமைத்தனத்தில் கிடந்தது. ஒருவருக்கு நடக்க வேண்டும், ஒருவருக்கு இருக்க வேண்டும், ஒருவருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும். இந்தத் தேவைகள் ஓயாமல் எங்கள் வேலையில் குறுக்கிட்டன. இன்று முதல்முறையாக, எந்தத் தேவையும் இல்லாத ஒரு பயனரைச் சரிவு தானாக மேலே கொண்டுசெல்லப் போகிறது. இதைவிடத் தூய்மையான நிலத்தோற்றக் கலை ஐரோப்பாவில் இல்லை. திருமதி செல்வா தந்த ஒத்துழைப்புக்கு நன்றி."

சவவண்டி வந்து நின்றது. பெட்டியைச் சில்லு வைத்த தாங்கியில் இறக்கி இரண்டு பேர் தள்ளினார்கள். சரிவில் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை, தள்ளியவர்களே வியந்துபோனார்கள். செல்வரத்தினம் திரும்பிப் பார்ப்பதற்கிடையில் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது. நடைபாதையில் கைதட்டல் எழுந்தது.

திருமாறன் காதருகே வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அங்கிள், ரொம்ப அழகா வந்துச்சு. ஆனா குழுத் தலைவர் அந்த நேரம் குடையை மடக்கிட்டு இருந்தாராம், பார்க்கலையாம். பார்க்காம கையெழுத்துப் போட முடியாதாம். இன்னொரு தடவை... தப்பா எடுத்துக்காதீங்க. கேட்கச் சொன்னாங்க."

"அப்பா, நோ" என்றான் நிருஜன். "அம்மாவைத் தொட விடாதைங்கோ. நோ எண்டு சொல்லுங்கோ."

செல்வரத்தினம் வாயைத் திறந்தார். ஏலாது என்று சொல்ல ஒரு வருடமாக அவருக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. இது கடைசி. ஆனால் அவள் இந்த வாசலால் வீட்டுக்குள் வருவதை எத்தனை மாதமாக மனதுக்குள் பார்த்துப் பார்த்து நித்திரை கொண்டவர். அவள் வந்தது மூச்சு விடும் நேரத்தில் முடிந்துபோயிற்று. அவர் முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நின்றார், பார்க்கவில்லை.

"ஓம்" என்றார்.

பெட்டியோடு தாங்கியைச் சரிவால் தெருவுக்கு இறக்கித் திருப்பினார்கள். குழுத் தலைவர் குடையைக் கீழே வைத்தார். பாலாம்பிகை மறுபடி வீட்டுக்கு வந்தாள். இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள்.